6 அங்குல டாப்சோனியனில் எது வரை தெரியும், எது எப்போதுமே தெரியாது?

மாடிவானம் கேட்டது:

என்னிடம் இருப்பது 150 மி.மீ. எஃப்/8 டாப்சோனியன் (கையால் திருப்பும் ஆடி டெலஸ்கோப்), 25 மி.மீ., 10 மி.மீ. ப்ளாசல் ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்). இடம் சென்னைப் புறநகரில் மொட்டை மாடி. நல்ல இரவில் வெறுங்கண்ணுக்கு 4ஆம் மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல்) விண்மீன் வரை தெரிகிறது. நிலவு, சனி வளையம், வியாழனின் பட்டைகள் எல்லாம் கூர்மையாகவே இருக்கின்றன. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி மட்டும் பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல ஒரு சாம்பல் திட்டு. நிறமும் இல்லை, சுருள் கையும் இல்லை. கோலிமேஷன் (ஆடிகளின் நேர்ச்சீர்) பார்த்தாகிவிட்டது; விண்மீனை ஃபோகஸிலிருந்து விலக்கினால் வளையங்கள் ஒரே மையத்தில்தான் விரிகின்றன.

இதை 10 அங்குலமாக மாற்றினால் படத்தில் பார்ப்பதுபோல் தெரியுமா? இப்போது உள்ள கருவியில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் பார்க்க முடியும்? எவ்வளவு பெரிய டெலஸ்கோப் இருந்தாலும் பார்க்கவே முடியாதது என்று ஏதாவது உண்டா?

ஐபீஸ்காரர்:

கருவியில் குறை இல்லை. ஆண்ட்ரோமீடா கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பிறகு எதில் பணம் போடுவது என்பது தானே விளங்கும்.

விண்மீன் ஒரு புள்ளி. டெலஸ்கோப் சேர்க்கும் ஒளி முழுக்க அந்த ஒரு புள்ளியில் வந்து விழும். இருட்டில் விரிந்த கண்மணி 7 மி.மீ. என்று வைத்தால், 150 மி.மீ. ஆடி அதைப்போல் சுமார் 460 மடங்கு ஒளி சேர்க்கிறது. மேக்னிட்யூட் கணக்கில் இது 6.6. வெறுங்கண்ணுக்கு 6 தெரியும் இருட்டு வானத்தில் உங்கள் கருவிக்கு 12.5, 13 வரை எட்டும்.

கேலக்ஸி புள்ளி இல்லை, பரப்பு. சேர்த்த ஒளியை உருப்பெருக்கம் மறுபடி விரித்துவிடுகிறது. 25 மி.மீ. ஐபீஸில் உருப்பெருக்கம் 48, ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் 3.1 மி.மீ. உங்கள் கண்மணி 7 மி.மீ. என்றால் விழித்திரையில் விழும் பரப்புப் பிரகாசம் வெறுங்கண்ணில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். எந்த டெலஸ்கோப்பும், அது 10 மீட்டரே ஆனாலும், பரப்புப் பொருளின் பிரகாசத்தை வெறுங்கண்ணைவிட உயர்த்தாது. பெரிதாக்கும், அவ்வளவுதான். பெரிதாகத் தெரிவதால் மங்கலான விவரத்தைக் கண் பிடித்துக்கொள்ளும். அதுதான் பெரிய ஆடியால் வரும் லாபம்.

ஆண்ட்ரோமீடாவின் மொத்த மேக்னிட்யூட் 3.4 என்று பட்டியலில் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அந்த ஒளி 3 டிகிரி நீளத்துக்கு, நிலவை ஆறு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்த நீளத்துக்கு, பரவிக் கிடக்கிறது. சராசரியாக ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) 22.3 மேக்னிட்யூட் அளவில்தான் வரும். நகர வானமே 18 அளவில் ஒளிர்கிறது. அதாவது உங்கள் மாடியில் வானம் கேலக்ஸியின் தட்டைவிட ஏறக்குறைய 50 மடங்கு பிரகாசம். நீங்கள் பார்க்கும் திட்டு நடுக்கரு மட்டும். தட்டு முழுவதும் அங்கேயேதான் இருக்கிறது, வானத்தின் வெளிச்சத்தில் மூழ்கிவிட்டது. 21.5 அளவு இருட்டு உள்ள இடத்துக்கு இதே 6 அங்குலத்தைக் கொண்டுபோனால் தூசிப்பட்டைகூடப் பிடிபடும். மாடியில் 10 அங்குலம் வைத்தாலும் கிடைக்காதது அது.

நிறம் வராததற்குக் கண் காரணம். மங்கிய ஒளியில் வேலை செய்வது விழித்திரையின் குச்சி செல்கள், அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அவை முழுக்க விழித்துக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை ஃபோன் திரையைப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. மாடியில் தெருவிளக்கு கண்ணில் படாமல் தலையோடு சேர்த்து ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பாருங்கள். வித்தியாசம் கால் மணியில் தெரியும். பார்வையைப் பொருளின் மேல் நேராக வைக்காமல் 10, 15 டிகிரி தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே கிடையாது.

ஆண்ட்ரோமீடா நவம்பர் மூன்றாம் வாரம் இரவு ஒன்பது மணியை ஒட்டி உச்சிக்கு வரும். சென்னையிலிருந்து வடக்கில் 62 டிகிரி உயரம். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தைத் தவிர மற்ற நேரத்தில் புறநகர் வானத்தில் தேடி அலுத்துக்கொள்ள வேண்டாம்.

உத்திரட்டாதி:

மேலே சொன்னதோடு ஒன்று. "கேலக்ஸி பார்க்க ஃபில்டர்" என்று கடைகளில் தருகிறார்கள். வாங்காதீர்கள். யூஎச்சி, ஓ-3 ஃபில்டர்கள் 500.7 நானோமீட்டர் போன்ற சில கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைக்கும். ஓரியன் நெபுலா அந்தக் கோடுகளில் ஒளிர்கிறது, அதற்கு நன்றாக வேலை செய்யும். கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் கலவை, எல்லா அலைநீளமும் இருக்கும். ஃபில்டர் போட்டால் வானத்தோடு கேலக்ஸியும் சேர்ந்து மங்கும். தெருவெல்லாம் சோடியம் விளக்கு இருந்த காலத்தில் பரந்த வகை ஃபில்டருக்காவது ஓரளவு பயன் இருந்தது, வெள்ளை எல்.இ.டி. வந்தபின் அதுவும் போயிற்று.

தட்டின் நீள்வட்டத்தைக் காண ஆசை என்றால் டாப்சோனியனை விட்டு கேமராவுக்குப் போங்கள். டாப்சோனியன் வானத்தைத் தொடர்ந்து சுற்றாது, 1200 மி.மீ. குவியத்தூரத்தில், 3 மைக்ரான் பிக்சல் என்றால், விண்மீன் ஒரு நொடியில் சுமார் 30 பிக்சல் நகர்ந்துவிடும். சாதாரண முக்காலி, 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.5, ஐ.எஸ்.ஓ. 1600, நான்கு நொடிப் படங்கள் 150. அதற்கு மேல் நொடி கூட்டினால் விண்மீன்கள் கோடாகும். லென்ஸை மூடி அதே நொடிக்கு இருபது டார்க் ஃப்ரேம் (சென்சாரின் இரைச்சலைக் கழிப்பதற்கான கறுப்புப் படம்). சிரில் மென்பொருளில் அடுக்கினால் மொத்தம் பத்து நிமிட ஒளி. நகரத்திலிருந்தே நீள்வட்டம் வந்துவிடும். கண் ஒளியைச் சேமித்து வைக்காது, சென்சார் சேமிக்கும். படத்துக்கும் கண்ணுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அங்கேதான்.

கண்டுபிடிக்கும் வழி: பெகாசஸ் சதுரத்தின் கிழக்குப் பக்கத்து இரண்டு விண்மீன்கள்தான் நம் உத்திரட்டாதி நட்சத்திரம். அதில் வடக்கே இருப்பது ஆல்ஃபரட்ஸ். அங்கிருந்து வடகிழக்காக நகர்ந்தால் அடுத்த பிரகாசமானது மிராக். மிராக்கில் வடமேற்காகத் திரும்பி இரண்டு மங்கலான விண்மீன்களைத் தாண்டினால், இரண்டாவதன் அருகிலேயே கேலக்ஸி.

மாடிவானம்:

துணி போர்த்திப் பார்க்கும் யோசனைக்கு நன்றி. அப்படியானால் என் கருவியின் தூர எல்லை ஆண்ட்ரோமீடாவின் 25 லட்சம் ஒளியாண்டு என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐபீஸ்காரர்:

வேண்டாம், அது வெறுங்கண்ணின் எல்லை. உங்கள் கருவிக்கு எட்டும் தொலைவு ஏறக்குறைய 200 கோடி ஆண்டுப் பயண ஒளி. பொருளின் பெயர் 3சி 273, கன்னி ராசிப் பக்கம் இருக்கும் குவாசார் (தொலைதூரக் கேலக்ஸியின் மிகப் பிரகாசமான மையம்). மேக்னிட்யூட் 12.9 அளவில், சற்றே ஏறி இறங்கும். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளை அதைவிடப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாமல் போகும் கருவிக்கு இது எட்டுவது எப்படி என்றால், மேலே சொன்ன அதே காரணம்: அது புள்ளி. உருப்பெருக்கம் கூட்டினால் வானம் மங்கும், புள்ளி மங்காது. உள்ளே இருக்கும் கருந்துளையைச் சுற்றி விழும் வாயு சில லட்சம் கோடி சூரியன்களின் ஒளியைத் தருகிறது.

இடம்: ஆர்.ஏ. (வானத்துத் தீர்க்கரேகை) 12 மணி 29.1 நிமிடம், டெக்ளினேஷன் (வானத்து அட்சரேகை) +2 டிகிரி 3 ஆர்க்மினிட் (டிகிரியில் 60இல் ஒரு பங்கு). ஈட்டா விர்ஜினிஸ் விண்மீனிலிருந்து வடகிழக்கே மூன்றரை டிகிரி. மே முதல் வாரம் இரவு பத்து மணிக்குச் சற்று முன் உச்சிக்கு வரும், கிட்டத்தட்ட தலைக்கு மேல்.

மாடியிலிருந்து கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கண்ணுக்குக் குறைந்தது ஐந்தரை தெரியும் வானம் வேண்டும். ஜவ்வாது மலைப் பக்கம், காவலூர் வானோக்கு நிலையம் இருக்கும் சுற்றுவட்டாரம் மாதிரி. நிலவு இல்லாத இரவு. ஆடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர 40 நிமிடம் விடுங்கள், சூடான ஆடியில் புள்ளி உப்பி மங்கிவிடும். 25 மி.மீ. ஐபீஸில் புலத்தைப் பிடித்து, 10 மி.மீ.க்கு மாற்றி 120 மடங்கில் பாருங்கள்.

நீள்அலை:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "பார்க்க முடியாது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. மங்கல் என்பதால் தெரியாதது ஒன்று. அதற்கு ஆடியும் இருட்டும் நேரமும் போதும். மற்றவற்றுக்கு ஆடியைப் பெரிதாக்கிப் பிரயோசனம் இல்லை.

நடுவில் தூசி நிற்பது ஒன்று. மூலம் நட்சத்திரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 8 டிகிரியில், தனுசு ராசியில், நம் பால்வெளியின் மையம் இருக்கிறது. தூரம் 26,000 ஒளியாண்டுதான். ஆனால் இடையிலுள்ள தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை 30 மேக்னிட்யூட் குறைத்துவிடுகிறது: ஒரு லட்சம் கோடி ஃபோட்டான் கிளம்பினால் ஒன்று வந்து சேரும். 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் அதே தூசி 3 மேக்னிட்யூட்தான் குறைக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் அங்கே 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருவதையும், நடுவில் 40 லட்சம் சூரிய நிறை இருப்பதையும் அந்த அலைநீளத்தில்தான் அளந்தார்கள். 3சி 273க்கு 200 கோடி ஆண்டு ஆழம் எட்டும் உங்கள் டெலஸ்கோப்புக்கு நம் வீட்டு நடுக்கூடம் தெரியாது.

அலைநீளம் மாறிவிடுவது இன்னொன்று. விண்வெளி விரிவதால் ஒளி வரும் வழியிலேயே நீள்கிறது. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு 121.6 நானோமீட்டர். செம்பெயர்ச்சி (இந்த நீட்சியின் அளவு) 14 உள்ள கேலக்ஸியிலிருந்து வந்தால் அதை ஒன்று கூட்டி 15 ஆல் பெருக்க வேண்டும்: 1824 நானோமீட்டர். அதற்குக் குறைந்த அலைநீளத்தை வழியிலுள்ள ஹைட்ரஜன் வாயு விழுங்கிவிடுவதால், அந்தக் கேலக்ஸி கண்ணுக்கான ஒளியில் இல்லவே இல்லை. ஹபிளின் கேமரா 1.7 மைக்ரானோடு நின்றுவிடும், எத்தனை நாள் எக்ஸ்போஷர் கொடுத்தாலும் அதற்கும் இல்லை. 2021 டிசம்பர் 25இல் ஏவிய ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் 28 மைக்ரான் வரை போகிறது. செம்பெயர்ச்சி 14ஐத் தாண்டிய கேலக்ஸிகள் அதற்குக் கிடைத்தன. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து ஒளி.

இன்னும் பின்னால், முதல் விண்மீன்கள் மூளும் காலத்து ஹைட்ரஜன் வாயுவின் 21 செ.மீ. அலை நீண்டு நீண்டு இப்போது நம் எஃப்.எம். வானொலி அலைவரிசையில் வந்து விழுகிறது. அதன் அலைவெண் 1420 மெகாஹெர்ட்ஸை 15 ஆல் வகுத்தால் 95. அதை நிலத்தில் ஆன்டெனா வைத்துப் பிடிப்பதில் பெரிய தொல்லை மண்ணின் அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் எதிரொலித்து, அலைவரிசைக்கு அலைவரிசை ஏறி இறங்கும் போலிச் சிக்னல் உண்டாக்கும். ராமன் ஆய்வுக் கழகத்தார் தங்கள் சரஸ் கருவியைக் கர்நாடக நீர்நிலைகளில் மிதக்கவிட்டதற்கு அதுதான் காரணம், அடியில் தண்ணீர் ஒரே சீராக இருக்கும். ஆஸ்திரேலியாவில் வைத்த எட்ஜஸ் கருவி 78 மெகாஹெர்ட்ஸில் கண்டதாக 2018இல் சொன்ன சிக்னல் பள்ளத்தைச் சரஸ் காணவில்லை என்று 2022இல் வெளியிட்டார்கள். சிக்னல் உறுதியாகும் வரை அந்தக் காலம் நமக்கு இருட்டுதான்.

ஒளியோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளாதது வேறொன்று. "இருண்ட பொருள்" என்ற பெயரே தப்பான படத்தைத் தருகிறது. இருண்டது என்றால் கரி மாதிரி ஒளியை மறைக்க வேண்டும். இது மறைக்காது, ஒளி ஊடுருவிப் போய்விடும். நீங்கள் பார்த்த அதே ஆண்ட்ரோமீடாவில்தான் 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் சுழற்சி வேகத்தை அளந்தார்கள். ஒளி குறைந்துகொண்டே போகும் வெளி ஓரத்திலும் நொடிக்கு ஏறக்குறைய 200 கி.மீ. வேகம் இருந்தது. பின்னால் 21 செ.மீ. ரேடியோவில் இன்னும் வெளியே போய் அளந்தபோதும் வேகம் விழவில்லை. தெரியும் விண்மீன்களின் நிறை அவ்வளவு வேகத்தைப் பிடித்து வைக்கப் போதாது. பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டில் பிரபஞ்சத்தின் மொத்தத்தில் சாதாரணப் பொருள் 5 சதவீதம், இருண்ட பொருள் சுமார் 27, மீதி விரிவை வேகமெடுக்க வைக்கும் இருண்ட ஆற்றல்.

வழிப்போக்கன்:

எளிதாகச் சொன்னால் பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு, ஆகவே 1380 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் எதுவும் தெரியாது. சரிதானே?

நீள்அலை:

வயது சரி, தூரம் சரியில்லை. 1380 கோடி என்பது ஒளி பயணம் செய்த நேரம். அது வந்துகொண்டிருந்தபோதே பின்னால் இருந்த இடமும் விலகிக்கொண்டே போனது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளி, பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பியது. கிளம்பியபோது அந்த இடம் நாம் இருந்த இடத்துக்கு வெறும் 4.2 கோடி ஒளியாண்டு தள்ளி இருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் விண்வெளி 1090 மடங்கு விரிந்திருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், இப்போது அது 4500 கோடி ஒளியாண்டுக்கு மேல். பக்கத்தில் கிளம்பிய ஒளி இவ்வளவு தாமதமாக வந்ததும் விரிவினால்தான்.

அதற்கு முந்தைய காலத்தை ஒளியால் பார்க்கவே முடியாது. வெப்பம் 3000 கெல்வினுக்கு மேல் இருந்தவரை எலக்ட்ரான்கள் அணுவில் கட்டுப்படாமல் அலைந்தன. ஒளி ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் ஏதாவதொரு எலக்ட்ரானில் மோதித் திரும்பியது. மேகமூட்டமான நாளில் மேகத்தின் அடிப்பரப்பு தெரியும், உள்ளே தெரியாது, அதே நிலைமை. அந்த அடிப்பரப்பின் ஒளிதான் இன்று 2.725 கெல்வின் மைக்ரோ அலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. 1964இல் ஹோம்டெல் கொம்பு ஆன்டெனாவில் பென்சியாஸும் வில்சனும் 7.35 செ.மீ. அலைநீளத்தில் இதைப் பிடித்தார்கள். புறா எச்சத்தைச் சுத்தம் செய்தும் 3.5 கெல்வின் இரைச்சல் போகவில்லை. மேகத்துக்கு உள்ளேயிருந்து சேதி வரவேண்டும் என்றால் நியூட்ரினோவோ ஈர்ப்பு அலையோ கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்து நியூட்ரினோவை யாரும் இன்னும் நேரடியாகப் பிடிக்கவில்லை.

கடைசி எல்லை எதிர்காலத்தைப் பற்றியது. சுமார் 1700 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கேலக்ஸி இன்று விடும் ஒளி, விரிவு இப்படியே வேகமெடுத்துப் போனால், எவ்வளவு காலம் காத்திருந்தாலும் நம்மை எட்டாது. அவற்றின் பழைய ஒளி வந்துகொண்டிருப்பதால் படத்தில் இருக்கும்.

உத்திரட்டாதி:

3சி 273ஐப் பற்றி எழுதியதால் ஒரு விஷயம், ஊட்டிக்கும் தொடர்புடையது. தனியாக நிற்கும் ரேடியோ டெலஸ்கோப்புக்கு வானத்தின் உள்ளே ஆழம் தெரியும், ஆனால் நுணுக்கம் தெரியாது. ஊட்டி முத்தொரையில் 1970இல் எழுந்த டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களுக்கு மேல் 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கம்பிக்குக் கம்பி மூன்று செ.மீ.க்கும் குறைவான இடைவெளி, 92 செ.மீ. அலைக்கு அது ஓட்டையாகவே தெரியாது, ஆடி மாதிரி திருப்பிவிடும். மலைச்சரிவின் சாய்வு 11 டிகிரி, இடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே உருளையின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக விழுந்துவிட்டது, ஒரே அச்சில் சுழற்றினால் வானத்தோடு கூடவே போகலாம்.

இத்தனை நீளம் இருந்தும் 92ஐ 530 மீட்டரால் வகுத்தால் பிரித்தறியும் கோணம் 6 ஆர்க்மினிட். வெறுங்கண் 1 ஆர்க்மினிட் பிரிக்கும். இதைச் சரிக்கட்ட நிலவைப் பயன்படுத்தினார்கள். நிலவின் விளிம்பு வானத்தில் நொடிக்கு அரை ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரு ரேடியோ மூலத்தை அது மறைக்கும்போது சிக்னல் ஒரேயடியாக அறுந்தால் மூலம் சிறியது. படிப்படியாக இறங்கினால் அகலமானது. இரண்டு படியாக விழுந்தால் இரட்டை. 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப்பில் ஹசார்ட் குழுவினர் 3சி 273இன் இடத்தை இப்படித்தான் துல்லியமாக்கினார்கள். அந்த இடத்திலிருந்த 13ஆம் மேக்னிட்யூட் "விண்மீனை" பாலோமர் 5 மீட்டர் டெலஸ்கோப்பில் மார்ட்டன் ஷ்மிட் நிறமாலை எடுத்து, கோடுகள் 15.8 சதவீதம் நீண்டிருப்பதை அடுத்த ஆண்டு கண்டார். ஊட்டிக் கருவி இதே முறையை ஏராளமான மூலங்களுக்குச் செய்தது.

மாடிவானம்:

மே மாதம் ஜவ்வாது மலைக்குக் கருவியைக் கொண்டுபோய்ப் பார்க்கத் திட்டமிடுகிறேன். ஐபீஸில் தெரிவது அந்தக் குவாசார்தான் என்று எப்படி உறுதி செய்வது? 13ஆம் மேக்னிட்யூட் விண்மீன் அந்தப் பக்கம் நிறைய இருக்குமே.

ஐபீஸ்காரர்:

பெரும்பாலோர் தவறுவது அங்கேதான். அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் தளத்தில் 3சி 273 என்று கொடுத்தால் சுற்றியுள்ள விண்மீன்களின் மேக்னிட்யூட் குறித்த வரைபடம் வரும். புலம் ஒரு டிகிரிக்கு ஒன்று, கால் டிகிரிக்கு ஒன்று என இரண்டு அச்சிட்டுக்கொள்ளுங்கள். டாப்சோனியனில் படம் தலைகீழாகச் சுழன்றிருக்கும், இடவலம் மாறாது. அதனால் தாளைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். மூலைக்கண்ணாடி போட்ட டெலஸ்கோப்புக்கான கண்ணாடிப் பிம்ப வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனால் இரவு முழுக்கப் பொருந்தாது.

முதலில் 12ஆம் மேக்னிட்யூட் விண்மீன்கள் வரைபடத்தில் உள்ளபடி தெரிகின்றனவா பாருங்கள். அவையே தெரியாவிட்டால் வானம் போதவில்லை, அன்றைக்கு விட்டுவிடலாம். தெரிந்தால் குவாசாருக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று விண்மீன்கள் போடும் முக்கோணத்தைப் பிடித்து, அந்த இடத்திலிருந்து பார்வையைச் சற்றே விலக்கி வைத்துக்கொண்டு குழாயை விரலால் மெதுவாகத் தட்டுங்கள். அசையும் மங்கல் புள்ளியைக் குச்சி செல்கள் நிற்கும் புள்ளியைவிட எளிதாகப் பிடிக்கும். ஒரே இடத்தில் மூன்று முறை வந்தால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். தாளில் புள்ளியைக் குறித்துவிட்டு, வரைபடத்தில் குவாசாரின் சரியான இடத்தை அதற்குப் பிறகுதான் சரிபாருங்கள். முன்னால் பார்த்தால் எதிர்பார்த்த இடத்தில் கண் தானாகவே ஒரு புள்ளியை வைத்துவிடும்.